நாத் சாகிப் வருகிறார்

தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருக்கும் வானமாமலைக்கு ஓட்டை போடுவதுதான் தொழில். வாரை நீட்டி வைத்து, அளவு பார்த்து, ஒரே தட்டு. ஓய்வு நேரத்தில் செய்தி வாசிப்பார். அதிலும் ஓட்டைதான் போடுகிறோம் என்பது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவந்தது.

வார்டு ஆபீஸிலிருந்து போனுக்கு வரும் அறிவிப்பெல்லாம் மராத்தியில் இருக்கும். எங்கே தண்ணீர் வராது, எந்த பஸ் சுற்றிப் போகும், எந்தச் சாக்கடையைத் தோண்டப் போகிறார்கள் என்று தினமும் ஏதாவது ஒன்று. அவர் குடியிருக்கும் லேபர் கேம்பில் பெரியவர்களுக்கு மராத்தி படிக்க வராது. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் திணறும். அதனால் வானமாமலை அறிவிப்பைப் படித்து, 'கேம்ப் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் தமிழில் பேசி அனுப்புவார். "வணக்கம் சொந்தங்களே" என்று தொடங்குமுன் நன்றாகத் தொண்டையைச் செருமிக்கொள்வார். செய்தியைவிடச் செருமல்தான் நீளம் என்பது அவர் மனைவி பேராச்சியின் கட்சி.

இதில் ஒரு ரகசியம் உண்டு. மராத்தியை அவர் முழுதாகப் படிப்பதில்லை. முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பார், மீதியை ஊகித்துவிடுவார். இத்தனை காலம் ஊகம் பெரும்பாலும் பலித்ததால் தன்னை ஒரு மராத்திப் பண்டிதர் என்றே நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அந்த வருஷம் மகள் ஷாலினியின் பள்ளிக்கூடத்து முன்னால் இருந்த ரோட்டைப் புதிதாகப் போட்டார்கள். கண்ணாடி மாதிரி ரோடு. டெம்போவும் தண்ணீர் லாரியும் அதில் பறந்தன. ஒருநாள் ஷாலினி ஒற்றைச் செருப்போடு அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். கடக்க ஓடியபோது கழன்று விழுந்த செருப்பின் மேல் டெம்போ ஏறிவிட்டதாம். அவள் செருப்புக்காக அழுதாள். பேராச்சி அவள் காலைப் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தாள். வானமாமலைக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளி வாசலில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தார்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடத்து ரோடுகளின் பாதுகாப்பு பற்றி அதிகாரி மக்களிடம் குறை கேட்கப் போகிறார். வானமாமலை அவசரமாகக் கண்ணை ஓட்டினார். முதல் வரியின் கடைசியில் 'உத்யா' என்று இருந்தது. மராத்தியில் உத்யா என்றால் நாளை. அடுத்த வரியின் தொடக்கத்தில் 'நாத்' என்று இருந்தது. ஜகந்நாத், விஸ்வநாத் மாதிரி இவர் ஏதோ ஒரு நாத். கீழே பொடி எழுத்தில் இன்னும் என்னென்னவோ இருந்தன. அதையெல்லாம் படிக்க நேரமில்லை, தொண்டையைச் செருமியாகிவிட்டது.

"வணக்கம் சொந்தங்களே. நாளைக்குக் காலையில நம்ம ஸ்கூல் வாசலுக்கு நாத் சாகிப் வாராவ. எல்லாரும் வேலைக்குக் கொஞ்சம் லேட்டாப் போனாலும் பரவாயில்ல, வந்து நில்லுங்க."

வந்து நின்றார்கள். வாசலே கொள்ளாத கூட்டம். அதிகாரிக்குப் போர்த்த வானமாமலை ஜரிகைச் சால்வை ஒன்று வாங்கி வந்திருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்க, சஃபாரி சூட்டில் ஃபைலும் கையுமாக ஒருவர் இறங்கினார். வானமாமலை பாய்ந்து போய்ச் சால்வையைப் போர்த்தினார். பெண்கள் கை தட்டினார்கள். பக்கத்துப் பட்டறை வெயிலுமுத்து போட்டோ எடுத்தார். வந்தவர் திகைத்து, தான் வாட்டர் ஃபில்டர் விற்கும் கம்பெனிக்காரன், பிரின்சிபாலைப் பார்க்க வந்தேன் என்று இந்தியில் சொன்னார். போர்த்திய சால்வையை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? அவரும் அதை மடித்து ஃபைலோடு வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் ஷாலினிதான் அறிவிப்பை வாங்கிப் படித்தாள்.

"அப்பா, இது நாத் இல்ல. ரெண்டு லைனையும் சேத்துப் படிக்கணும். 'உத்யானாத்'. பார்க்ல மீட்டிங். கீழ போட்டிருக்கு பாருங்க, சனிக்கிழம."

இடம் பற்றாமல் ஒரே சொல்லை இரண்டாக உடைத்திருந்தார்கள். மராத்திக்காரனுக்கு த வகைவகையாக உண்டு. விஸ்வநாத்துக்கு ஒரு த, உத்யானாத்துக்கு வேறு த. நமக்கு இருப்பது ஒன்றுதான். அந்த ஒற்றைத் தகரத்தை வைத்துக்கொண்டு வானமாமலை ஒரு அதிகாரியையே பெற்றுப் பெயரும் வைத்துவிட்டார்.

சரியான செய்தியைக் குழுவில் பேசி அனுப்பினார். செருமாமல் அனுப்பினார். பதிலுக்கு அந்தச் சால்வைப் போட்டோதான் வந்தது. வேறு வேறு ஆட்கள் அதையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள்.

"இனி ஒருத்தரும் வரமாட்டாவ. நீங்களாவது போங்க" என்றாள் பேராச்சி. "பார்க்குக்குப் போங்க. வேற எங்கயும் போயிராதிய."

சனிக்கிழமை பார்க்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. மற்ற பேட்டைக்காரர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். லேபர் கேம்ப் பக்கம் வானமாமலை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். குறை கேட்க வந்திருந்த இன்ஜினியர் பரீஹா மேடம், வானமாமலையின் முறை வந்ததும், உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர்தானா, மற்றவர்களுக்கு இதில் அக்கறை இல்லையா என்று கேட்டார்.

அக்கறை இல்லையா! அந்த வார்த்தை அவரைச் சுட்டது. அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்ற அத்தனை முகமும் கண்முன் வந்தது. மானம் போனால் போகட்டும் என்று உத்யா, நாத், சால்வை, வாட்டர் ஃபில்டர் எல்லாவற்றையும் தன் உடைந்த மராத்தியில் சொன்னார். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். சாட்சிக்கு வானமாமலை அந்தப் போட்டோவையே நீட்டினார்.

மேடம் வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு அடங்கியது. படத்தில் முன்னால் கோமாளி மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு வானமாமலை. பின்னால், கூட்டம் மறைக்காத ஓர் இடுக்கில், தண்ணீர் லாரிக்கும் டெம்போவுக்கும் நடுவே கையைக் கோத்துக்கொண்டு ஓடும் இரண்டு சின்னப் பிள்ளைகள். அத்தனை பேர் பார்த்த போட்டோவில் அவர்களை யாரும் பார்த்திருக்கவில்லை, வானமாமலை உட்பட.

"இதை எனக்கு அனுப்புங்கள்" என்றார் மேடம்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி அறிவிப்பு வந்தது. வானமாமலை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அடுத்த வரியையும் படித்தார். பிறகு ஷாலினியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். சந்தேகமே இல்லை, இந்த முறை உத்யா, உத்யாதான். நாளைக்கு ஸ்பீடு பிரேக்கர் போடுகிறார்கள். குழுவில் பேசி அனுப்பினார். 'சால்வை வாங்கியாச்சா அண்ணாச்சி?' என்று கேட்டதோடு சரி, ஒருவரும் வரவில்லை.

தார் போட்டு, உருளை ஓட்டி, வெள்ளைப் பட்டை தீட்டி முடிக்கும்வரை வானமாமலை மட்டும் நின்று பார்த்தார். மறுநாள் காலை ஷாலினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தூரத்தில் ஒரு டெம்போ பறந்து வந்தது. அவர் ஷாலினியின் கையை இறுக்கிப் பிடித்தார். டெம்போ மேட்டுக்கு முன்னால் முனகிக்கொண்டே வேகத்தைக் குறைத்தது, நின்றே விட்டது. ஷாலினி அவர் கையை உதறிவிட்டு, ஓடாமல், நடந்தே ரோட்டைக் கடந்தாள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

போனை எடுத்துச் செருமப் பார்த்தார். அதற்குள் குழுவில் வெயிலுமுத்துவின் குரல் வந்திருந்தது.

"என்ன வே, உம்ம நாத் சாகிப் வந்துட்டாவளா?"

வானமாமலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார்.

"வந்துட்டாவ வே. ரோட்டுக்குக் குறுக்க படுத்திருக்காவ. எழுந்திரிக்க மாட்டாவ."