மாப்பிள்ளைக்காகக் காரம் குறைத்த பொடி

லண்டனில் எனக்கிருந்தது கணவரின் வேலையை ஒட்டிய விசா. நாங்கள் பிரிந்ததும் அதுவும் ரத்தாகிவிட்டது. சங்ககிரிக்கு வந்து, லீவில் வந்திருப்பதாக அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

அம்மா உடனே மிளகாய், மல்லி காயவைத்து, நான் கொண்டுபோக மில்லில் சாம்பார் பொடி அரைத்துவிட்டாள். பாக்கெட்டை ஒட்டிக்கொண்டே, "எந்தத் தேதிக்கு டிக்கெட் சாமி?" என்றாள். அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அம்மா ஒட்டிய பாக்கெட்டைக் கத்தரித்து, அடுப்படி டப்பாவில் கொட்டினாள்.

"முன்னாலயே சொல்றதுக்கென்ன? மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாதுன்னு மொளகாயப் பாதியாக் கொறச்சுட்டேன். இதை நம்மூட்ல யாரு திங்கறது?"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மிளகாயோடு நானே மில்லுக்குப் போனேன்.

"மறுக்காவும் பொடியா? எப்பங்க கெளம்பறீங்க?" என்றார் மில்காரர்.

"கெளம்பலீங்க. இது எங்க ஊட்டுக்கு. நல்லாக் காரமா அரைச்சுக் குடுங்க."

ஊர் வந்து நான் தயங்காமல் சொன்ன முதல் பதில் அதுதான்.

இப்போது ஒரு லாரி ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். மதியச் சோற்றுக்கு அம்மாவின் சாம்பார். இப்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வருவது அந்தக் காரத்துக்கு மட்டும்தான்.