பன்னிரண்டோடு நிறுத்தச் சொன்னவர்

தாராவியில் பத்துப் பை கேட்டால் பதினைந்தாகத் தைத்து வைப்போம். அது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அதனால்தான் அந்த ஜப்பான்காரருக்கும் எனக்கும் வம்பு வந்தது. தப்பு முழுக்க என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் செம்பூரில் வாடகைக்கு இருந்தார். சிலை செய்கிறவர், மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சும் போடுவார். என் தோல்பைப் பட்டறைக்கு முதலில் வந்தது துண்டுத் தோல் கேட்டு. நான் குப்பையில் போடுகிற துண்டுகளை ஒட்டி ஓர் எருமைத் தலை செய்து கொண்டுவந்து காட்டினார். அசல் எருமை பார்த்தால் வெட்கப்படும். அன்றிலிருந்து துண்டெல்லாம் அவருக்கே என்று சொல்லிவிட்டேன். பை மேல் முத்திரை அழுத்த நான் வைத்திருக்கும் கைப் பிரஸ்ஸைப் பார்த்ததும், படம் அச்சடிக்க இதுவே போதும் என்று குதூகலித்தார். நாங்கள் பேசிக்கொண்டது பம்பாய் இந்தியில். அவருடையது மோசம், என்னுடையது பரவாயில்லை.

ஒரு மழைக்காலம் முழுக்க என் பட்டறை மாடியில் உட்கார்ந்து எங்கள் சந்தின் கூரைகளைச் செதுக்கினார். தார்ப்பாய், அது பறக்காமலிருக்க மேலே வைத்த டயர், தண்ணீர் டிரம், டிவி டிஷ், எதுவும் விட்டுப்போகவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் இருவருமாகக் கறுப்பு மையில் பன்னிரண்டு தாள் அடித்தோம். ஒவ்வொன்றின் கீழும் பன்னிரண்டில் ஒன்று, பன்னிரண்டில் இரண்டு என்று பென்சிலால் எண் போட்டார். பிறகு கட்டையை என்னிடம் கொடுத்து, குறுக்கே ஆழமாக ஒரு கோடு வெட்டிவிடச் சொன்னார். பன்னிரண்டுக்கு மேல் கிடையாது என்று வாங்குகிறவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். கட்டை கெட்டால்தான் வாக்கு நிற்குமாம். அவர்கள் தொழிலில் அதுதான் வழக்கம். பிரஸ்ஸைச் சுற்றிய கையே வெட்டட்டும் என்றார். நானும் தலையாட்டினேன். அவர் படங்களை விற்க டெல்லிக்குப் போனார்.

எனக்கு மனசு வரவில்லை. நாலு மாதம் செதுக்கிய கட்டையை எவனாவது பாழாக்குவானா? கிறிஸ்துமஸும் நெருங்கியது. எங்கள் சந்தில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு கேக் கொடுப்போம். இந்த வருஷம் கூடவே ஒரு படமும் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. இருபது அடித்தேன். ஒவ்வொருவரும் தாளில் தங்கள் கூரையைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். பெரிய புண்ணியம் செய்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

புது வருஷத்தில் அவர் இனிப்போடு வந்தார். சந்து முனை டீக்கடையிலேயே படம் தொங்கியது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி விஷயத்தை முடித்திருப்பேன்.

"பன்னிரண்டு என்று என் கையால் எழுதினேன்" என்றார். "இப்போது நான் பொய்யன்."

கொடுத்த கையாலேயே திருப்பி வாங்குவதைப்போல் கேவலம் வேறில்லை. அதையும் செய்தேன். வீடு வீடாக ஏறி இறங்கியதில் பத்தொன்பது வந்துசேர்ந்தது. இருபதாவதை எதிர்வீட்டு அக்கா சுவரில் பசை போட்டு ஒட்டியிருந்தார். போதாததற்குத் தன் கூரைக்கு நெயில் பாலிஷில் சிவப்பு அடித்து, மேலே ஒரு பூனையையும் வரைந்துவிட்டார்.

"எங்க வீடுல்லா தம்பி, எப்படிப் பிச்சுத் தருவேன்?" என்றார்.

வேறு வழியில்லாமல் ஜப்பான்காரரை அழைத்துவந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார். இது என் படத்தின் நகல் இல்லை, இந்த அம்மாவின் படம், இருக்கட்டும் என்றார். மற்ற பத்தொன்பதையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கூரையைத் தங்கள் கையால் மாற்ற வேண்டும், கீழே தங்கள் பெயரை எழுத வேண்டும். அந்த வாரம் எங்கள் சந்தில் நெயில் பாலிஷுக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் பஞ்சம் வந்தது. ஒரு வீட்டார் இல்லாத மூன்றாவது மாடியையே கட்டிவிட்டார்கள்.

கட்டை விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. தன் உளியை என்னிடம் நீட்டினார். கட்டையில் எல்லாம் இடம் வலமாக மாறியிருக்கும். ஆனாலும் என் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். கோட்டை எங்கே வேண்டுமானாலும் இழுத்திருக்கலாம். என் கூரை மேலேயே இழுத்தேன். அவர் மை தடவி, ஒரே ஒரு தாள் அடித்து, கீழே ஒன்றில் ஒன்று என்று எண் போட்டு எனக்குக் கொடுத்தார்.

அது எங்கள் வீட்டில் தொங்குகிறது. "எல்லாரு வீடும் முழுசா இருக்கு, நம்ம வீட்ட மட்டும் ரெண்டாப் பொளந்துட்டியளே" என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். மழையில் கூரை ஒழுகினாலும் அந்தக் கோட்டின் மேல்தான் பழி. அந்தப் படத்தில் நான் செதுக்கியது அது ஒன்றுதான், அதுவும் நேராக வரவில்லை.