எந்த வரிசையில் உட்கார

என் பூட்டனாரின் உயரம் எனக்குத் தெரியும்: ஐந்தடி மூன்றங்குலம். இடது கணுக்காலில் தழும்பு இருந்ததும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன கப்பலின் பதிவேட்டில், சந்தையில் மாடு பிடிக்கிற கவனத்தோடு அவரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர், கொல்லிமலை திருப்புலி நாடு. ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர் சென்னையில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். மலை ஏறவில்லை. ஏன் என்று எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அதனால் மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் யாரும் "ஊருக்குப் போகிறேன்" என்று சொன்னதில்லை. பள்ளி விண்ணப்பத்தில் சொந்த ஊர் என்று கேட்டால் அப்பா எங்கள் தெருப் பெயரை எழுதுவார். ஐம்பத்திரண்டாம் வயதில், பதிவேட்டின் நகலோடும் மூட்டுவலித் தைலத்தோடும் சேந்தமங்கலத்தில் மலைக்குப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்த அன்று அங்கே ஒரு பெரியவரின் கருமாதி. பலா மரத்தடியில் செத்தவரின் பங்காளிகள் தலை மழித்துக்கொள்ள வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மாமன் மச்சான்கள், கோடித் துணிகளோடு. திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் செத்தவரின் மகன், பாதி மழித்த தலையோடு, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். நகலை வாங்கிப் பார்த்தார்.

"நம்மாளுதானுங்க! என்ன வகையறாங்க நீங்க?"

"தெரியலைங்க. இதுல எழுதலை."

"தழும்பெல்லாம் எழுதிப்போட்டு வகையறாவ உட்டுட்டானா?"

நாவிதர் கத்தியைத் துடைத்தார். "உக்காருங்க சாமி. உங்களுக்கு ரெண்டே இழுப்பு."

எதிர்வரிசையிலிருந்து ஒரு மச்சான் கத்தினார். "அட, பொறுப்பா! அவரு எங்க பங்காளியா இருந்துட்டா? அவரு மொட்டை போட்டா எங்க ஊட்டுல எழவு உழுந்தாப்பல ஆயிரும். துணியெடுத்துட்டு இந்தப் பக்கம் வரச் சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கால் நாவிதர் பக்கம் ஓரடி வைத்துவிட்டிருந்தது. வரிசையின் கடைசி ஆளுக்கும் பாறைக்கும் நடுவே, கொஞ்சம் ஒடுங்கினால், ஒருவர் உட்காரலாம். முன்பின் பார்த்திராத ஒருவருக்காக மொட்டை போட்டுக்கொள்ள இவ்வளவு ஆசைப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் கட்டுரை எழுதிக் கிண்டல் செய்திருப்பேன்.

மகன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "தப்பா நெனைக்காதீங்க. பங்காளியா மச்சானான்னு முறை தெரியாம உக்கார வெக்கக் கூடாதுங்க. ஆனாச் சாப்பிட்டுத்தான் போகோணும். சோத்துக்கு வகையறா வேண்டாமுங்க."

சாப்பிட்டேன். விடைபெற அவரைத் தேடினால், குளித்துவிட்டு வந்த மொட்டைகளில் அவர் எது என்று தெரியவில்லை. என்னைக் கண்டுபிடிக்க அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. இருக்கிற நாலு முடியோடும், கோடித் துணி கொண்டுவராத வெறுங்கையோடும் அங்கே நின்றவன் நான் ஒருவன்தான்.