ஐம்பத்திரண்டு மீட்டர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், லேசில் போகாது. பிளஸ் ஒன் படிக்கும்போது அம்பத்தூர் டியூஷன் சென்டரில் ஃபிசிக்ஸ் எடுத்தாரே ஒரு சார், அவர்மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

சாரின் பெருமையெல்லாம் ஒரு லேமினேட் அட்டையில் இருந்தது. எல்லா ஃபார்முலாவும் அதில் அடக்கம். "யோசிக்காத, போடு" என்பார். டெஸ்ட் பேப்பர் திருத்தும்போது ஸ்டெப் எதையும் பார்க்க மாட்டார். கடைசியில் கட்டம் போட்டு எழுதிய விடை அவரிடமிருக்கும் விடைக்குறிப்போடு ஒத்துப் போனால் மார்க், இல்லாவிட்டால் சைபர்.

அந்த வாரம் புரொஜெக்டைல் மோஷன். பதினைந்து மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து முப்பது டிகிரி சாய்வாக மேல்நோக்கி, நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை எறிகிறார்கள். அது கட்டடத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழும்? அட்டையில் இருந்த ரேஞ்ச் ஃபார்முலாவில் போட்டால் முப்பத்தைந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆனால் அந்த ஃபார்முலா, எறிந்த மட்டத்திலேயே திரும்ப வந்து விழுகிற கல்லுக்குத்தான் பொருந்தும். இந்தக் கல் அதற்கப்புறமும் பதினைந்து மீட்டர் கீழே இறங்க வேண்டாமா? நான் மேலும் கீழும் போகிற வேகத்தைத் தனியாகவும் முன்னால் போகிற வேகத்தைத் தனியாகவும் பிரித்துப் போட்டேன். கல் மூன்று நொடி காற்றில் இருந்தது, ஐம்பத்திரண்டு மீட்டர் தள்ளி விழுந்தது. கட்டம் போட்டுக் கொடுத்தேன்.

சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி வந்தது. அந்த ஒரு கணக்கால் என்னை முதல் பேட்ச்சிலிருந்து இரண்டாம் பேட்ச்சுக்கு இறக்கிவிட்டார்கள். இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ் வகுப்பு முதல் பேட்ச்சுக்கு மட்டும்தான்.

பேட்ச் இறக்கினால் அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பா ஆவடி ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்தார். அவரை நிற்க வைத்தே சார் பேசினார்.

"உங்க பொண்ணுக்கு என்ட்ரன்ஸ் எல்லாம் ஒத்து வராதுங்க. ரெண்டு வரியில முடியிற கணக்கை ஒரு பக்கத்துக்கு இழுத்து, அதையும் தப்பா போட்டிருக்கா."

"சார், அது தப்பில்ல" என்றேன்.

"பாருங்க, வாய் வேற."

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். "இனிமே நான் பாத்துக்கறேன் சார்" என்று குனிந்து கையெழுத்துப் போட்டார். இதே மேஜையில், இதே ஆள், என் அப்பாவைக் கூப்பிட்டுத் தன் தப்பைச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

இரண்டாம் பேட்ச்சில் என் பக்கத்தில் மண்ணூர்பேட்டைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் பேப்பரைக் காட்டினேன்.

"இன்னாடி, கரெக்டா தான போட்டுகீற? போய்க் கேளேன்."

"தனியா கேட்டா தனியாவே அமுக்கிடுவாரு. நாலு பேர் முன்னாடி கேக்கணும்."

"நீ விஷம்டி" என்றாள், சந்தோஷமாக.

மூன்று வாரம் காத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோருக்கு மாதிரி வகுப்பு வைத்தார்கள். நாற்காலி போடுவதும் டீ கொடுப்பதும் இரண்டாம் பேட்ச் பிள்ளைகளின் வேலை. முதல் பேட்ச் முன்வரிசையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. சார் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "எந்தக் கணக்கா இருந்தாலும் முப்பதே செகண்ட்."

நான் டீத் தட்டைக் கீழே வைத்தேன்.

"சார், இந்த மொட்டை மாடியிலேருந்து ஒரு பந்தைப் படுக்கைவாக்குல வேகமா எறிஞ்சா, உங்க அட்டைப்படி எங்க விழும்?"

"ஆங்கிள் ஜீரோ. சைன் ஜீரோ, ஜீரோ. அப்போ ரேஞ்ச்..." என்றவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"எவ்ளோ வேகமா எறிஞ்சாலும் சுவத்தோரமாவே விழுமா சார்?" என்று ஒரு அப்பா கேட்டார். ஐந்தாறு பேர் சிரித்தார்கள்.

"அது தரையிலேருந்து எறியறதுக்கான ஃபார்முலாம்மா" என்றார் சார்.

"டெஸ்ட்ல நீங்க கேட்டது பதினஞ்சு மீட்டர் கட்டடம் சார்." சாக்பீஸை எடுத்து அதே கணக்கை, அதே நீள வழியில், ஒரு ஸ்டெப்பையும் விடாமல் போர்டில் போட்டேன். ஐம்பத்திரண்டு என்று எழுதி, சும்மா விடாமல் பெரிய கட்டமும் போட்டேன். சாரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.

பெற்றோர் போன பிறகு, "சரி, நாளையிலேருந்து முதல் பேட்ச்சுக்கு வா" என்றார்.

"எங்கப்பாவைக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்க சார்."

மறுநாள் அப்பா வந்தார். இந்த முறை நாற்காலி கொடுத்தார்கள். "விடைக்குறிப்புல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க. உங்க பொண்ணு போட்டதுதான் சரி" என்றார் சார். சின்னத் தப்பாம். இருக்கட்டும், சொல்லிவிட்டார் அல்லவா? நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா எழுந்தார். மறுபடியும் இரண்டு கையையும் கூப்பினார். "புள்ள எல்லார் முன்னாடியும் ஏதோ பேசிட்டாளாம். மனசுல வெச்சுக்காதீங்க சார்."

"அட, அதை நான் அன்னிக்கே மறந்துட்டேங்க" என்று சார் அவர் தோளில் தட்டினார். தப்புச் செய்தவர் என் அப்பாவை மன்னிக்கிறார்!

படியிறங்கும்போது அழுதுகொண்டே கத்தினேன். "நீங்க ஏம்ப்பா கை கூப்பினீங்க? அவர் கூப்பிடணும்னுதான் நான் இவ்ளோ செஞ்சேன்."

அப்பா பைக் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டார். "முதல் பேட்ச் கெடச்சுதா, இல்லையா?"

"கெடச்சுது."

"நீ அங்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல உக்காரணும்மா. ஏறு."