லாரி டியூபும் மாமாவின் முடிச்சும்

பஞ்சர் கடை சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறினால் போதும், எனக்குள் ஓர் ஏரி தளும்பத் தொடங்கிவிடும். தொண்ணூறுகளில் ஒரு வருடம். மழை அடித்த அடியில் அடி அண்ணாமலை ஊருக்குப் பக்கத்து ஏரி கரை முட்ட நின்றது. தண்ணீருக்குள் மலை தலைகீழாகக் கிடந்தது. காற்று வந்தால் மலையே நெளிந்தது. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்தார். சின்னதாக ஒரு தகரப் படகும் வாங்கினார். நீச்சலைத்தான் வாங்க முடியவில்லை.

"கவுந்தா புடிச்சிக்க ஒரு டியூபாவது இல்லாம நீங்க ஏரில எறங்கக் கூடாது" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

பஞ்சர் ஒட்டிக் காற்றடைத்த லாரி டியூபைப் படகின் மூக்கில் வைத்தோம். கட்டியது மாமா. வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரிகளுக்குக் கயிறு கட்டுகிறவர். அவர் கட்டிய பாரம் மெட்ராஸ் போய்ச் சேரும்வரை அசையாது. முழங்காலைக் கொடுத்து இழுத்தார், முறுக்கினார், முடிச்சின் தலையில் இன்னொரு முடிச்சு போட்டார். டியூப் படகோடு பிறந்தது போல ஒட்டிக்கொண்டது.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். "எங்க, கவுத்துக் காட்டுங்க."

இடுப்பளவுத் தண்ணீரில் கவிழ்த்தோம். படகு குப்புறப் படுத்தது, டியூப் அதன் அடியில். மாமா மூச்சைப் பிடித்து முங்கினார், துழாவினார், சொட்டச் சொட்ட எழுந்தார். முகமெல்லாம் பெருமை.

"பாத்தியா மச்சான், ஒரு நூல் அசையல."

"அது அசையலன்னா நீங்களும் அசைய மாட்டீங்க" என்றாள் அக்கா. "மூட்டை வுழக் கூடாது. இது கவுந்தா அவுந்து வுழணும்."

சிரித்ததில் நான் பாதி ஏரியைக் குடித்தேன். கயிற்றை அரிவாளால் அறுக்க வேண்டியதாயிற்று. மாமா மறுபடி கட்டினார். லேசாகத்தான் தொடங்குவார், முடிக்கும் நேரத்தில் விரல்கள் தாமாகவே இன்னொரு முடிச்சை இறுக்கிவிடும். "கை கேக்க மாட்டேங்குதுமே" என்று பரிதாபமாகச் சொன்னார்.

அக்கா கயிற்றைப் பிடுங்கினாள். மாட்டைக் கட்டுவது போல, நுனியை முழுசாக நுழைக்காமல் மடித்துச் செருகி, கயிற்றின் வாலை நீளமாகத் தொங்கவிட்டாள்.

"காத்துலயே பிச்சிகினு பூடும்மே."

"எங்க மாடு இழுக்காத இழுப்பா? நீங்க வாலப் புடிச்சி இழுங்க."

இன்னொரு தடவை கவிழ்த்தோம். மாமா முங்கி, வாலைச் சுண்டினார். டியூப் படகின் அடியிலிருந்து வழுக்கி வந்து குபுக்கென்று மேலே துள்ளியது. தண்ணீரில் இருந்த மலை ஆயிரம் துண்டானது. டியூபைக் கட்டிக்கொண்டு மிதந்த மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

அக்காவே திரும்பக் கட்டிக் கொடுத்தாள். வலையோடு அவர் ஏறி உட்கார, நான் படகைத் தள்ளிவிட்டேன். நாலு துடுப்பு போட்டிருக்க மாட்டார், கை மெல்ல அந்த முடிச்சுப் பக்கம் போனது.

கரையிலிருந்து அக்கா சொன்னாள்: "அதுல கை வெக்கறதுன்னா எறங்கி வூட்டுக்கு வாங்க. வெக்கலன்னா, பாத்துப் போய்ட்டு வாங்க."