அப்பாவின் உபசாரம்

அப்பாவுக்கு மறதி நோய் வந்ததை நாங்கள் வெகுநாள் கண்டுபிடிக்காமல் போனதற்கு எங்கள் ஊர் மரியாதைதான் காரணம். யார் படியேறி வந்தாலும், "வாங்க, உக்காருங்க. ஊட்ல எல்லாரும் நல்லாருக்கறாங்ளா? சாப்பிட்டுத்தான் போகோணும்" என்பார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் எல்லோரும் பேசுகிற பேச்சுதான். வந்தவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதை வைத்தே அரைமணி நேரம் ஓட்டிவிடலாம். அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களும் காபியைக் குடித்துவிட்டு, பெரியவர் முன்னைவிடத் தன்மையாகிவிட்டார் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். சொந்தத் தம்பியிடமே "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சித்தப்பா அதையும் கேலி என்று நினைத்துச் சிரித்தார்.

கோவையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அல்சைமர் என்றார் டாக்டர். மாத்திரை கொஞ்ச காலம் சமாளிக்க உதவும், நோயை நிறுத்தாது என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது தேடிப் படிப்பேன். அப்படித்தான் நியூரோஸ்டீராய்டு பற்றிப் படித்தேன். மூளை தனக்கு வேண்டிய சில ஸ்டீராய்டுகளைத் தானே செய்துகொள்கிறதாம். இந்த நோயில் அது குறைந்துபோகிறதாம். அதில் ஒன்றை நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது மூளையில் புது செல்கள் பிறந்தன, எலிகள் மறுபடி கற்றுக்கொண்டன என்று போட்டிருந்தது. மனிதர்களுக்கு இன்னும் சோதனை அளவில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்தே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதை விட்டுவிட்டு, புதிதாக முளைக்கும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். குருத்து அழுகினால் தென்னை அவ்வளவுதான் என்று தெரிந்தவள். அப்பாவையும் அப்படித்தான் நினைத்து மனதைத் தேற்றி வைத்திருந்தாள். நான் போய் அதைக் கலைத்துவிட்டேன். சித்தப்பா தன் பங்குக்கு, ஜிம் பையன்கள் போடுகிற ஊசிதானே, காந்திபுரத்தில் வாங்கிவரட்டுமா என்றார். அவரிடம் சத்தம் போட்டேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகவே சொன்னார். இது கடையில் கிடைக்கிற ஸ்டீராய்டு இல்லை. எலிக்கு நடந்தது மனிதருக்கு நடக்குமா என்று தெரியாது. அப்பாவுக்கு நோய் முற்றியும் விட்டது. ஒரு பேச்சுக்கு, நடந்தால் என்று நான் விடாமல் கேட்டேன். நடந்தால், புதிதாகச் சிலதைக் கற்றுக்கொள்ளலாம் என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்: "புதுசா மொளைக்கறதுல நான் இருப்பனுங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "போனது போனதுதாங்கம்மா. மறுபடி மொதல்ல இருந்து உங்களப் பழகோணும்."

அம்மா தலையாட்டினாள். உண்மையைச் சொன்னதற்காக அந்த மனிதர் மீது எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் மழுப்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நாங்கள் எழுந்தபோது அப்பா டாக்டரிடம், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. திண்ணையில் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தோம். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் குடித்து முடித்து, மலையைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, ஆனை எறங்கற நேரமுங்க. உங்கூட்ல தேடுவாங்க. நேரமே போயிருங்க."

இதுதான் என் வீடு, நான்தான் உங்கள் சம்சாரம் என்று அம்மா மற்ற நாட்களில் சொல்லிப் பார்ப்பாள். அவர் மிரண்டுபோவார். அன்றைக்கு அவள் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சரிங்க. போயிட்டு வாரேனுங்க."

படியிறங்கி, வாசலைக் கடந்து, மாட்டுக்கொட்டகைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. உள்ளே அரிசி களைகிற சத்தம் கேட்டது. அப்பாவுக்குத்தான் ராத்திரிச் சோறு.

அவர் இன்னும் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாவம், இருட்டுல ஒத்தையில போறாங்க. அந்தம்மாவுக்கு ஆரும் இல்லீங்களா?"

இருக்கிறார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இல்லீங்கப்பா" என்றேன்.