கடைக்குள் போட்ட செருப்பு

கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் பத்து வருடமாகச் சேலை எடுத்துப் போடுகிறேன். கடைக்குள் லட்சுமி இருக்கிறாள் என்று, வேலை பார்க்கிற நாங்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். கூட வேலை பார்க்கும் செல்வி, குதிகால் வலிக்கிறது என்று ஒருநாள் செருப்போடு உள்ளே வந்தாள். "ஏட்டி, நடிக்காத, கழத்து" என்று விரட்டியவள் நான்தான்.

அடுத்த வருடம் அதே வலி எனக்கு வந்தது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவேன். பிசியோதெரபி பார்க்கும் பெண் குதிகாலில் லேசர் வைத்தார். நாலைந்து தடவையில் வலி நன்றாகக் குறைந்தது.

"வெறுங்காலோட கல்லுத்தரையில நின்னா திரும்ப வந்துரும்க்கா. கடைக்குள்ளயும் மெத்துன்னு செருப்பு போடுங்க" என்றார்.

மறுநாள் புதுச்செருப்போடு உள்ளே நுழைந்தேன். முதலாளி கத்தினார்: "ஏம்மா, லட்சுமி இருக்க எடத்துல செருப்பா?"

கல்லாவுக்கு மேலிருந்த படத்தைக் காட்டினேன். "லட்சுமி தாமரைப்பூ மேல நிக்கா அண்ணாச்சி. நான் கல்லு மேல நிக்கேன்."

பையிலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்துச் செல்வியின் காலடியில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி முறைத்துக்கொண்டே இருந்தார். இன்றுவரை நாங்கள் கழற்றவில்லை.